காலனியில் கருவி இல்லை

நெட்வொர்க் கண்காணிப்பு என் பிழைப்பு. மண்ணச்சநல்லூரில் வீட்டிலிருந்தபடியே, எங்கோ இருக்கும் ஒரு கம்பெனியின் இணைப்புகளில் எவ்வளவு டேட்டா போகிறது, எங்கே தடைப்படுகிறது என்று பார்த்துச் சொல்வேன். இப்படித் தொலைவிலிருந்து கண்காணிப்பதற்கான 'ஆர்மான்' என்ற தர விதிகள் 1991இல் வெளியாயின. எந்தப் பகுதியைக் கவனிக்க வேண்டுமோ, அந்தப் பகுதியிலேயே 'புரோப்' என்ற கருவியை வைக்க வேண்டும். அது எண்ணிக் கணக்கெடுக்கும். நாம் வைத்த அளவு மீறினால் எச்சரிக்கை அனுப்பும். கருவி இல்லாத பகுதி செத்துக் கிடந்தாலும் திரைக்குத் தெரியாது.

அப்படியானால், எங்கே கருவி வைப்பது என்று முடிவு செய்பவர் யார்?

பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் பொறுப்பு தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்துடையது. நல்ல திட்டம்தான். ஆனால் அதில் கணக்கில் வரும் அலகு ஊராட்சி. ஊராட்சிக் கட்டடத்தில் வைத்த பெட்டிக்கு உயிர் இருந்தால் அந்த ஊராட்சி 'இணைக்கப்பட்டது'. அந்தக் கட்டடம் ஊர்த்தெருவில் இருந்து, காலனி வயல் தாண்டி இருந்தால்? அங்கே ஒரு வீட்டுக்கும் இணைப்பு போகாவிட்டாலும் கணக்கு நிறைந்துவிடும். தண்ணீர்த் தொட்டியிலும் தார்ச் சாலையிலும் நாம் பார்த்த அதே கணக்கு.

"சிக்னலுக்குச் சாதி தெரியுமா?" என்று கேட்பார்கள். தெரியாது. கம்பி எந்தத் தெருவோடு நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பவருக்குத் தெரியும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். நூறுநாள் வேலையில், தனிநபர் பணிகள் தவிர மற்ற எல்லா இடங்களிலும், செயலியில் படம் ஏற்றித்தான் வருகை பதிய வேண்டும் என்று 2023 ஜனவரி 1 முதல் ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. நாளுக்கு இரண்டு படம். படம் ஏறாவிட்டால் மண் சுமந்த பெண்ணின் கூலி கேள்விக்குறி. அவள் வந்தாளா என்று பார்க்கக் கருவி உண்டு. அவள் தெருவுக்கு இணைப்பு வந்ததா என்று பார்க்க எதுவும் இல்லை.

தோழர்களே, அடுத்த கிராம சபையில் இரண்டு கேள்வி கேளுங்கள். ஊராட்சிக்கு வந்த இழையிலிருந்து ஊருக்கு எத்தனை இணைப்பு, காலனிக்கு எத்தனை? போன மாதம் அவை எத்தனை நாள் ஓடின? இந்தக் கணக்கைக் குடியிருப்பு வாரியாக எடுத்து, ஊராட்சிப் பலகையில் மாதாமாதம் எழுதி வைக்கத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். பதிவேட்டில் அது ஏறும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.