கோபத்துக்குத் தள்ளுபடியா?

போன மாசம் ஹாஸ்டல் மெஸ்ஸில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தோம். நடத்தையில் சந்தேகப்பட்டு மனைவியை வெட்டிய ஒருவரின் செய்தி. "ஆத்திரத்துல வெட்டிட்டான். கோர்ட்டுலயே கொறைச்சுத்தான்டா குடுப்பாங்க" என்றான் ஒருத்தன். யாரும் மறுக்கவில்லை. நானும்தான்!

மனசு கேட்காமல், சட்டம் படிக்கும் எங்க தெரு அண்ணனிடம் விசாரித்தேன். அவன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலால் தன்னிலை இழந்து செய்தால் அது 'கொலை' ஆகாது, தூக்கும் கிடையாது. 1860-ன் தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்த விலக்கு, 2024 ஜூலை முதல் வந்த புதுச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது.

ஆனால் 'திடீர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 1959-ல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, மனைவியின் காதலரைச் சுட்டார். ஜூரியில் எட்டுப் பேர் குற்றமில்லை என்றார்கள், ஒருவர்தான் மறுத்தார். உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் ஆயுள் தண்டனை தந்தது. உச்ச நீதிமன்றமும் 1961-ல் அதை உறுதி செய்தது. மனைவி உண்மையைச் சொன்ன பிறகு குடும்பத்தை சினிமாவில் விட்டு, கப்பலுக்குப் போய்ப் பொய் சொல்லித் துப்பாக்கி வாங்கி... சுமார் மூன்று மணி நேரம்! நம்ம வெல்டிங் ஷாப்பில் பழுத்த இரும்பே அதற்குள் ஆறிவிடும். (1964-ல் கவர்னர் மன்னிப்புக் கொடுத்தது தனிக் கதை.)

சரி, இது காதலன் கதை. மனைவி? 1957-ல் வெளியான ஒரு சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பில், 'அந்த உறவை விடமாட்டேன்' என்று முகத்துக்கு நேரே சொல்லித் திட்டிய மனைவியைக் கொன்ற கணவனுக்கு இந்த விலக்கு கிடைத்தது. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கள்ள உறவு குற்றமாக இருந்த காலத்திலேயே, 497-வது பிரிவு மனைவிக்கு ஒருநாள் ஜெயில்கூடத் தரவில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்துவிட்டது. பிடிக்கவில்லையா, விவாகரத்து இருக்கிறது. சட்டமே தண்டிக்காத ஒன்றுக்கு வீட்டுக்காரர் மரண தண்டனை கொடுப்பாராம், அதில் அவருக்குச் சலுகையாம்!

கண்ணெதிரே பார்த்தவன் புத்தி தடுமாறலாம், அதைக் கோர்ட் பார்க்கட்டும். ஆனால் செத்தவள் வந்து தன் பக்கத்தைச் சொல்ல முடியாதே.

எங்க அம்மா பள்ளிக்கூடமே பார்க்காதவங்க. லீவில் போய் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் முறத்தையே பார்த்துட்டு, "ஏன்டா, அவன் தப்புப் பண்ணி அவ வெட்டியிருந்தா ஊரு என்ன சொல்லும்?" என்று கேட்டாங்க. எனக்குப் பதில் வரலை. திரும்பி வந்ததும் மெஸ் நண்பனிடம் அதையே கேட்டேன். அவன் சாம்பார் வாளியைத் தேடி எழுந்து போய்விட்டான்.