எல்லாத் தலைவலிக்கும் பற்று போதாது

ஆசிரியருக்கு,

உங்கள் இதழில் வந்த தலைவலிக்கான கைவைத்தியக் குறிப்புகளைப் படித்தேன். சுக்குப் பற்று போடுவதில் தவறில்லை. எந்தத் தலைவலிக்குப் பற்று போடக் கூடாது என்றும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

மண்டையில் அடித்தாற்போல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறும் வலி, கூடவே பேச்சுக் குழறலோ மயக்கமோ இருந்தால் மூளையில் ரத்தக்கசிவாக இருக்கலாம். எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இப்படிப் பேத்தியின் பெயரை மாற்றி மாற்றிச் சொன்னார். பித்தம் என்று எலுமிச்சைச் சாறு புகட்டினார்கள். நினைவு தடுமாறுபவர் வாயில் எதையும் ஊற்றினால் புரையேறும். ஆஸ்பிரின் அறவே வேண்டாம்.

108ஐ அழையுங்கள். வலி தொடங்கிய நேரத்தை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். முதல் 6 மணி நேரத்துக்குள் எடுக்கும் சிடி ஸ்கேன் இந்தக் கசிவைப் பெரும்பாலும் தவறவிடாது. தாமதமானால், ஸ்கேன் சரியாக இருந்தாலும் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க நேரலாம். ‘இடுப்பு போய்விடும்’ என்று அதற்குக் கையெழுத்துப் போட மறுக்கும் உறவினர்கள் எத்தனை பேர்! காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் மூளைக்காய்ச்சலா என்று அறியவும் அந்த நீர்தான் வேண்டும்.

மருத்துவமனைக்குப் போனதும் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதற்கும் கோபப்படாதீர்கள். சர்க்கரை தாழ்ந்தாலும் ஆள் உளறுவார். அதைச் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம்.

– ஓய்வுபெற்ற செவிலியர், திண்டுக்கல்