எத்தனை அவுன்ஸ் என்று கேட்பவர்களுக்கு

எங்கள் வகுப்பில் இப்போது ஒரு புது வியாதி பரவியிருக்கிறது. முன்பெல்லாம் எவனாவது புது ஜீன்ஸ் போட்டு வந்தால் "எங்கடா எடுத்த, எவ்வளவு?" என்று கேட்பார்கள். இப்போது "எத்தனை அவுன்ஸ்?" என்று கேட்கிறார்கள். 12 என்றால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். 14 என்றால் பரவாயில்லையாம். 16, 18 என்றால் தொட்டுப் பார்த்து, தொடையில் தட்டிப் பார்த்து, சந்தையில் காங்கேயம் காளையைப் பார்க்கிற மாதிரி ஒரு சுற்று சுற்றி வருகிறார்கள். போன மாதம் ஒருவன், ஜீன்ஸைக் கழற்றித் தரையில் வைத்தால் அது தானாக நிற்கும் என்று பெருமை அடித்தான். நிற்கட்டுமே. தகரம் கூடத்தான் நிற்கும். அதை யாராவது இடுப்பில் மாட்டுவார்களா?

வேறு ஊர்க்காரர்கள் இதைச் செய்தால் விட்டுவிடலாம். திருப்பூரில் பிறந்து வளர்ந்தவன் செய்வதுதான் தாங்க முடியவில்லை.

துணியை எடை போடுவது என்றால் என்ன என்று நம்மூரில் பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். ஜிஎஸ்எம் கட்டரைத் துணி மேல் வைத்து அழுத்தித் திருகினால் 100 சதுர சென்டிமீட்டரில் ஒரு வட்டம் வெட்டிக்கொண்டு வரும். அதைத் தராசில் போட்டு, வருகிற கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். முடிந்தது கதை. டெனிம்காரர்கள் சொல்கிற அவுன்ஸும் இதே சமாச்சாரம்தான். ஒரு சதுர கஜத் துணி எத்தனை அவுன்ஸ் என்ற கணக்கு. ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 34 ஜிஎஸ்எம். 12 அவுன்ஸ் என்றால் 407, 14 என்றால் 475, 21 என்றால் 712.

இப்போது சொல்லுங்கள். 180 ஜிஎஸ்எம் பனியன் துணியைக் காட்டி "இது 160-ஐ விட நல்ல துணி" என்று எந்தக் கட்டிங் மாஸ்டராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கனமான துணி என்பார், அவ்வளவுதான். நல்லதா கெட்டதா என்று கேட்டால் நூல் என்ன, கோம்ப்டா கார்டடா, எத்தனை கவுண்ட், துவைத்தால் எவ்வளவு சுருங்குது என்று நம்மையே திருப்பிக் கேட்பார். பனியனுக்கு இருக்கிற இந்த அறிவு, ஜீன்ஸ் கடைக்குள் கால் வைத்ததும் எங்கே போய்விடுகிறது என்பதுதான் என் கேள்வி.

இவ்வளவு சூடாகிறானே என்று நினைக்காதீர்கள். நானும் ஏமாந்தவன்தான் :-)

லீவில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதப் போய்ச் சேர்த்த காசில், போன வருடம் 4,200 ரூபாய்க்கு ஒரு ஜீன்ஸ் வாங்கினேன். லேபிளில் 16 அவுன்ஸ் என்று பெரிதாகப் போட்டிருந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். நான் கொஞ்சம் குள்ளம் என்பதால் காலில் ஆறு இஞ்ச் வெட்ட வேண்டியிருந்தது. ஆல்ட்டர் கடை அண்ணன் பேன்ட்டை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். "என்னங்க தம்பி, மேல தார்ப்பாயாட்ட இருக்குது, உள்ள பாக்கெட்டுத் துணி கொசுவலையாட்ட இருக்குதுங்களே?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றே மாதத்தில் பாக்கெட் கிழிந்து, வண்டிச் சாவி கால் வழியாகத் தரையில் விழுந்தபோது சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் கவட்டையில் தையல் விட்டது. கவனியுங்கள், துணி கிழியவில்லை. நூல்தான் அறுந்தது.

வெட்டிய துண்டை அண்ணன் பத்திரமாகக் கொடுத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு, அப்பா கம்பெனியில் ஜிஎஸ்எம் கட்டர் வைத்திருக்கும் நண்பனிடம் போனேன். வட்டம் வெட்டித் தராசில் வைத்தால் 4.4 கிராம். 440 ஜிஎஸ்எம். 16 அவுன்ஸ் என்றால் 540-க்கு மேல் வர வேண்டும். நான் போட்டிருந்தது 13 அவுன்ஸ். நான்கு மாதம் வகுப்பில் 16 என்று பீற்றிக்கொண்டு திரிந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

சரி, நேர்மையான கம்பெனியாகவே இருந்தாலும் அந்த எண்ணை வைத்து என்ன தெரிந்துகொள்வீர்கள்? தறியிலிருந்து வந்த துணி துவைத்தால் சுருங்கும். நீளத்தில் பத்து சதவீதம் சுருங்கினால், அதே 14 அவுன்ஸ் துணி ஏறக்குறைய பதினைந்தரை ஆகிவிடும். இன்னொரு பக்கம் பாவுக்குப் போட்ட கஞ்சி துவைத்ததும் கரைந்து எடை குறையும். லேபிளில் இருக்கும் எண் துவைக்கும் முன்பா, பின்பா? பெரும்பாலான லேபிள்களில் அது இருக்காது.

பிராண்டுகளை ஒப்பிடத்தான் வேண்டும் என்றால் வேறு விதமாக ஒப்பிடலாம். லெவிஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேகப் டேவிஸ் என்ற டெய்லரும் லெவி ஸ்ட்ராஸும் சேர்ந்து 1873-ல் காப்புரிமை வாங்கியது துணிக்கு அல்ல. பாக்கெட் ஓரம் கிழிகிற இடத்தில் செம்பு ரிவிட் அடிக்கிற யோசனைக்கு. எங்கே பலம் வேண்டுமோ அங்கே பலம். அதைவிட எனக்குப் பிடித்தது பின்னால் நடந்தது. பின்பாக்கெட் ரிவிட், குதிரைச் சேணத்தையும் நாற்காலியையும் கீறுகிறது என்று 1937-ல் அதைத் துணிக்குள் மறைத்தார்கள். 1960-களில் ரிவிட்டையே எடுத்துவிட்டு பார்டாக் தையல் போட்டார்கள். உறுதியான ஒரு பொருள் இடைஞ்சல் என்று தெரிந்ததும் தூக்கிப் போட்டதும் டிசைன்தான். நம்ம பசங்க அன்றைக்கு இருந்திருந்தால் "ஐயோ ரிவிட் போச்சே" என்று ஒப்பாரி வைத்திருப்பார்கள்.

ரேங்லர் கதை இதைவிட நல்லது. 1947-ல் வந்த 13எம்டபிள்யூஇசட், ரோடியோ பென் என்ற டெய்லர் குதிரை ஓட்டுபவர்களுக்காக வடிவமைத்தது. பெல்ட் நழுவாமல் இருக்க ஏழு லூப். சேணம் கீறாத தட்டை ரிவிட். பர்ஸ் மேல் உட்காராதபடி மேலே ஏற்றித் தைத்த பின்பாக்கெட். துணி 14.75 அவுன்ஸ், பிறகு அதை புரோக்கன் ட்வில் நெசவுக்கு மாற்றினார்கள். மலிவான பனியனைத் துவைத்ததும் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுக்கு வந்து நிற்குமே, அதே தொல்லை ஜீன்ஸ் காலிலும் உண்டு. சாய்வுக் கோடு ஒரே பக்கமாக ஓடுவதால் துணி முறுக்கும். கோட்டை உடைத்து இரண்டு பக்கமும் மாற்றி ஓட விட்டால் முறுக்காது. இதுதான் வேலை தெரிந்தவன் செய்கிற காரியம். ஏறக்குறைய 15 அவுன்ஸ் பேன்ட்டை, அமெரிக்காவில் மாடு மேய்ப்பவர்கள் வாங்கும் கடையில், பீற்றல் இல்லாமல் சாதாரண விலைக்கு விற்கிறார்கள். (அதே பெயரில் வரும் மெல்லிய ஸ்ட்ரெச் பேன்ட்களைச் சொல்லவில்லை.)

கனமான டெனிமே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. ஜப்பானின் அயர்ன் ஹார்ட் 2003-ல் தொடங்கிய கம்பெனி. 21 அவுன்ஸ்தான் அவர்கள் அடையாளம். யாருக்கு? குளிரில் பெரிய பைக்கில் நீண்ட தூரம் போகிறவர்களுக்கு. காற்று உள்ளே வரக்கூடாது, விழுந்தால் தோல் உரியக்கூடாது. காரணம் இருக்கிறது. அவ்வளவு கனமான துணிக்குத் தகுந்த மாதிரி பாலியஸ்டர் கலந்த நூலில் தைக்கிறார்கள். மதிக்கிறேன். ஆனால் சித்திரை வெயிலில் டிவிஎஸ் எக்ஸெல்லில் ஊத்துக்குளி ரோடு சிக்னலில் நிற்கிறவனுக்கு 712 ஜிஎஸ்எம் எதற்கு? கனடாவின் நேக்கட் அண்ட் ஃபேமஸ் 32 அவுன்ஸில் கூடச் செய்தது, அதாவது 1,085 ஜிஎஸ்எம். அது பேன்ட் இல்லை, மிதியடி.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. செல்வெட்ஜ் கோஷ்டி. கால் மடிப்பில் சிவப்புக் கோடு தெரிந்தால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். அது ஷட்டில் தறியில் நெய்த துணியின் கரை. வேட்டிக்கும் இருக்கிறது. அகலம் குறைவு என்பதால் ஒரு பேன்ட்டுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம் துணி வேண்டும், தறியும் மெதுவாக ஓடும், அதனால் விலை அதிகம். அழகாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். கரை சிவப்பாக இருப்பதால் கவட்டை கிழியாமல் இருக்காது. துவைக்கவே கூடாது என்பது அந்தக் கோஷ்டியின் வேதம். லெவிஸ் தலைவராக இருந்த சிப் பெர்க் 2014-ல், தன் ஜீன்ஸை ஒரு வருடமாகத் துவைக்கவில்லை என்று மேடையிலேயே சொன்னார். அவர் ஏசியில் இருந்தார். நீங்கள் டவுன் பஸ்ஸில் வருகிறீர்கள். பக்கத்தில் உட்காருகிறவன் நான்.

பி.காம். படிக்கிறவன் என்பதால் ஒரு காஸ்டிங் போட்டுவிடுகிறேன். அகல டெனிமில் ஒரு பேன்ட்டுக்கு சுமார் 1.3 மீட்டர் வேண்டும், அதாவது இரண்டு சதுர மீட்டர் என்று வையுங்கள். 14 அவுன்ஸில் 950 கிராம். 21 அவுன்ஸில் 1,424 கிராம். வித்தியாசம் அரைக் கிலோ கூட இல்லை. நூல் கிலோ 300 ரூபாய் என்றே வைத்தாலும் 142 ரூபாய். நெசவு, சாயம், தடித்த ஊசி, மெதுவான தையல் எல்லாவற்றுக்கும் தாராளமாகவே சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறமும் விலைப்பட்டியில் ஆயிரக்கணக்கில் ஏறுகிறதே, அது எதற்கு என்று கேட்க வேண்டாமா?

ஒரு காலத்தில் இந்தியாவிலேயே ஒளிவுமறைவில்லாத ஒரு ஜீன்ஸ் வந்தது. 1995-ல் அரவிந்த் மில் கொண்டுவந்த ரஃப் அண்ட் டஃப். தைத்த பேன்ட் இல்லை. டெனிம் துணி, ஜிப், பட்டன், ரிவிட், பின்னால் ஒட்டும் லேபிள் எல்லாம் ஒரு பையில். உள்ளூர் டெய்லரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ள வேண்டும். அக்‌ஷய் குமார்தான் விளம்பரத்தில். போலிகள் பெருகி அது படுத்துவிட்டது என்பது வேறு விஷயம். என் மாமா அப்போது தைத்ததை இன்னும் கதையாகச் சொல்வார். துணியைக் கையில் எடுத்து, ஜிப்பை இழுத்துப் பார்த்து, பாக்கெட்டுக்கு என்ன துணி போடலாம் என்று டெய்லரோடு சண்டை போட்டாராம். நாம் இன்று லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்புவதோடு சரி. இத்தனைக்கும் மேட்டுப்பாளையம் பக்கத்தில் கேஜி டெனிம் 1990-களிலேயே மில் போட்டு, ட்ரிக்கர் என்று சொந்த பிராண்டும் கொண்டுவந்தது. டெனிம் நமக்கு ஒன்றும் தூர தேசத்துப் பொருள் இல்லை.

கடைசியாக, எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது இதுதான். நம்மூரிலிருந்து ஏற்றுமதியாகும் ஒரு டீ-சர்ட் ஆர்டருக்கு வெளிநாட்டு பையர் என்னென்ன கேட்கிறார்? சுருக்கம் எத்தனை சதவீதம், சாயம் ஈரத்தில் எவ்வளவு ஒட்டுகிறது, தையல் எந்த இழுப்பில் விடுகிறது என்று டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் சரக்கு ஏறாது. ஜீன்ஸுக்கும் அதே சோதனைகள் உண்டு, கிழிவுச் சோதனையும் தேய்ப்புச் சோதனையும் கூடவே உண்டு. பெரிய கம்பெனிகளிடம் இந்த எண்கள் எல்லாம் ஃபைலில் இருக்கும். பையருக்குக் கிடைப்பது ரிப்போர்ட். காசு கொடுத்து வாங்குகிற நமக்குக் கிடைப்பது பின்னால் ஒரு தோல் பட்டையும், அதில் "ஹெவிவெயிட்" என்ற வார்த்தையும். அதைக் கேட்காமல் அவுன்ஸை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அவன் ஏன் கொடுக்கப் போகிறான்?

அந்த 16 அவுன்ஸ், மன்னிக்கவும், 13 அவுன்ஸ் ஜீன்ஸ் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஆல்ட்டர் கடை அண்ணன் கட்டிங்கில் மிஞ்சிய டிரில் துணியில் இரண்டு பாக்கெட்டும் மாற்றி, கவட்டைக்கு உள்ளே ஒரு துண்டு வைத்து, தடித்த பாலியஸ்டர் நூலில் தைத்துக் கொடுத்தார். 120 ரூபாய். இப்போது எட்டு மாதம் ஆகிறது, சாவி விழவில்லை. உங்கள் ஜீன்ஸில் சந்தேகம் இருப்பவர்கள் கால் வெட்டும்போது துண்டை வாங்கி வையுங்கள், ஐந்து இஞ்சுக்குக் குறையாமல். கட்டர் நண்பனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி கொஞ்சம் ஓய்வாக இருக்குமாம்.