துவாரகா மைதானமும் தகுதிச் சுற்றும்

துவாரகா 24-வது செக்டாரில் டில்லி வளர்ச்சி ஆணையம் 18 குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானம் ஒன்றை அமைத்திருக்கிறது. பணக்காரர்களின் பொழுதுபோக்குக்குப் பொது நிலமா என்று நம்மவர்களில் பலர் முகம் சுளிக்கலாம். கோடை வந்தால் தண்ணீர் லாரியை எதிர்பார்த்து நிற்கிறவர்கள் அப்படிக் கேட்பதில் தவறும் இல்லை. ஆயினும் மைதானம் வந்துவிட்டது. அதனால் யாருக்குப் பிழைப்பு கிடைக்கும் என்பதே இனிக் கேட்க வேண்டிய கேள்வி.

கோல்ஃப் இன்று ஒரு தொழில். 2006-இல் தொடங்கிய இந்தியத் தொழில்முறை கோல்ஃப் அமைப்பு (2024-இல் கபில்தேவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்ததே, அதுதான்) நாட்டின் பல நகரங்களில் பரிசுப் பணப் போட்டிகளை நடத்தி வருகிறது. அவற்றில் ஆட ‘கார்டு’ வேண்டும். கார்டு பெறுவதற்குத் தகுதிச் சுற்றில் தேற வேண்டும். அதை ‘க்யூ ஸ்கூல்’ என்கிறார்கள். பெயர்தான் ஸ்கூல்; அங்கே எவரும் எதையும் கற்றுத் தருவதில்லை. நடப்பது பரீட்சை மட்டுமே. முதற்கட்டத்தில் தேறியவர்கள் இறுதிக் கட்டத்தில் நான்கு நாட்கள், 72 குழிகள் ஆட வேண்டும். குறைந்த அடிகளில் முடித்தவர்களுக்குக் கார்டு. ஓர் அடி கூடிப்போனால் அடுத்த வருஷம்.

ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் பரீட்சை எழுதி ரயிலேறி வந்த நமது வாசகர்களுக்கு இதன் நெஞ்சிடி புரியும். ஆனால் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தால் ஓய்வு பெறும் வரை நிலைக்கும், கார்டு அப்படியல்ல. ஆண்டு முடிவில் பரிசுப் பணப் பட்டியலில் பின்தங்கியவர் மறுபடியும் பரீட்சைக்கே போக வேண்டும். போட்டியில் இரண்டாம் நாள் முடிவில் பாதிப் பேருக்கு மேல் கழிக்கப்படுகிறார்கள். அவர்களுக்கு ரயில் கட்டணமும் விடுதி வாடகையும் சொந்தச் செலவு.

தகுதிச் சுற்றின் பெருமையும் இல்லாமல் இல்லை. இங்கே சிபாரிசு செல்லாது. 1997-இல் ஜீவ் மில்கா சிங் ஐரோப்பியச் சுற்றுக்கும், 2003-இல் அர்ஜுன் அட்வால் அமெரிக்கச் சுற்றுக்கும் இந்த வழியாகவே முதல் இந்தியர்களாக நுழைந்தனர். 2010-இல் கார்டை இழந்திருந்த அட்வால், திங்கட்கிழமை நடந்த ஒருநாள் தகுதி ஆட்டத்தில் இடம் பிடித்து, அந்த வாரமே விண்டம் போட்டியை வென்றார். அமெரிக்கச் சுற்றில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் வெற்றி அது.

அவர்கள் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் என்று சொல்லலாம். அலி ஷேர் அப்படியல்ல. டில்லி கோல்ஃப் கிளப்பில் பிறருக்குப் பை சுமந்த ‘கேடி’ அவர். (நம் ஊரில் இச்சொல்லுக்கு வேறு பொருள், இங்கே உழைப்பாளி என்று கொள்க.) 1991-இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார், 1993-இல் மீண்டும் வென்றார். 2009-இல் துவாரகாவுக்கு அடுத்த குர்காவ்னில் அதே பட்டத்தை வென்ற பெங்களூர் சின்னசுவாமி முனியப்பாவும் பை சுமந்தவர்தான்.

இவர்கள் எப்படிப் பயின்றார்கள்? பல கிளப்புகளில் வாரம் ஒருநாள் பராமரிப்புக்காக மூடுவார்கள். அன்று கேடிகளை ஆட விடுவது பழைய வழக்கம். உறுப்பினர்கள் கழித்த மட்டைகளே அவர்களது கருவி. தெருவிளக்கில் படித்து ஐ.ஏ.எஸ். ஆனவர்களை நாம் அறிவோம். தெருவிளக்கின் கீழ் கோல்ஃப் பயில முடியாது. அதற்குப் புல்வெளி வேண்டும். டில்லி கோல்ஃப் கிளப்பில் உறுப்பினராவதற்கோ பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். விண்ணப்பித்தவர் தாத்தாவாகிவிடுவார்.

ஆகவேதான் பொது மைதானம் முக்கியமாகிறது. லாடோசராயில் இதே ஆணையம் நடத்தும் குதுப் கோல்ஃப் மைதானத்தில் கட்டணம் செலுத்தி யாரும் ஆடலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கட்டணத்தைத் தினமும் செலுத்திப் பயில்வது, மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பையனுக்கே முடியாதபோது பை சுமப்பவருக்கு எங்ஙனம் இயலும்?

துவாரகாவில் ஆணையம் செய்யக்கூடியவை எளியவை. வாரத்தில் சில காலை நேரங்களைக் கேடிகளுக்கும் சுற்று வட்டாரப் பள்ளி மாணவர்களுக்கும் கட்டணமின்றி ஒதுக்கலாம். ஜனக்புரியில் இருக்கும் நமது தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் வந்துபோகும் தூரம்தான் அது. இரவல் மட்டைகளும் ஒரு பயிற்சியாளரும் இருந்தால் தொடங்கிவிடலாம். ஆண்டுக்கொரு முறை ஆட்டம் வைத்து, முதலில் வரும் நாலைந்து பேருக்குத் தகுதிச் சுற்றின் நுழைவுக் கட்டணத்தையும் பயணச் செலவையும் மைதான வருமானத்திலிருந்தே கொடுக்கலாம். பெரிய இடத்துக் கார்கள் தரும் நிறுத்தக் கட்டணமே இதற்குப் போதுமானதாக இருக்கக்கூடும்.

இந்தச் சலுகை நேரங்களைக் கட்டணப் பட்டியலோடு சேர்த்து, மைதான வாசலில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கும்படி ஆணையத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.