புல்லில் நோய், மண்ணில் மருந்து



கிருமி என்றதும் முகம் சுளிக்கிறோம். ஆனால் இரவில் ஆட்டி வைத்த தோசை மாவு காலையில் பொங்கி நிற்பதும், பால் தயிராக உறைவதும் கிருமிகளின் வேலைதான். வாளியில் நேரங்கடந்து கிடக்கும் ரப்பர் பாலைத் திரிய வைத்து நாறடிப்பதும் அவைதாம். பாலில் அம்மோனியா சேர்ப்பது அவற்றைத் தடுக்கவே. ஆக, கிருமிகளில் வாழ வைப்பவையும் உண்டு, கெடுப்பவையும் உண்டு. இரண்டும் எதிரெதிரே நின்ற கதை ஒன்று நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது.

அன்றைய மலாயாவில் தோட்டத் தொழிலாளர்களை வாட்டிய காய்ச்சல்களுள் ஒன்று 'ஸ்கிரப் டைபஸ்'. தமிழ்நாட்டில் இதை உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். லாலான் புல்லிலும் புதரிலும் எலிகள் திரியும் இடங்களில், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒருவகை உண்ணியின் குஞ்சுகள் இருக்கும். அவை கடிக்கும்போது நோய்க் கிருமி நம் உடலில் ஏறுகிறது. ஏறக்குறைய பத்து நாளில் கடும் காய்ச்சலும் தலைவலியும் வரும். 1948-க்கு முன் இதற்குச் சரியான மருந்து கிடையாது. பலர் இறந்தார்கள்.

1947-இல் தென் அமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டு மண்ணில் வாழும் ஒரு கிருமியிலிருந்து குளோராம்ஃபெனிகால் என்ற மருந்தைக் கண்டெடுத்தார்கள். மறு ஆண்டே ஜோசப் ஸ்மேடல் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு அதைக் கோலாலம்பூருக்குக் கொண்டு வந்தது. 1900-இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாருடன் சேர்ந்து, ஸ்கிரப் டைபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நாள் கணக்கில் இறங்காத காய்ச்சல் ஓரிரு நாளில் தணிந்தது. டைபாய்டு காய்ச்சலுக்கும் அது கேட்கும் என்பதை அங்கேயே கண்டார்கள். எங்கோ ஒரு மண்ணில் கிடந்த கிருமி, நம் புல்வெளியில் இருந்த கிருமியை வென்றது!

குளோராம்ஃபெனிகால் அரிதாகச் சிலருக்கு இரத்தம் ஊறுவதையே கெடுத்துவிடும் என்று பின்னர் தெரிந்தது. அதனால் இன்று பெரும்பாலும் டாக்ஸிசைக்கிளின் தருகிறார்கள். அதன் மூலமும் மண் கிருமிதான்.

மருந்து வந்துவிட்டதே என்று அலட்சியம் கூடாது. பாலோவைச் சுற்றி ரப்பரும் செம்பனையும் உள்ளவரை புல்லும் உண்டு, எலியும் உண்டு. வேலைக்காட்டில் பூட்ஸ் போடுங்கள். வெறும் புல்லில் உட்காராதீர்கள், துணியையும் போடாதீர்கள். வீடு திரும்பியதும் குளித்து உடை மாற்றுங்கள். காய்ச்சல் வந்தால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு ஆகிய இடங்களைப் பாருங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா? வலிக்காது என்பதால் கவனிக்காமல் விடுவார்கள். பொருக்கு எல்லாருக்கும் வருவதும் இல்லை. எனவே, "நான் தோட்டத்தில் வேலை செய்கிறேன்" என்று மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் ஓர் உயிரைக் காக்கலாம். கொடுத்த மாத்திரையைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்தாமல் முழுவதும் சாப்பிடுங்கள்.