இலையும் ஏடும் இரசாயனமும்

யாழ்ப்பாணத்து வேலியோரங்களில் நிற்கும் ஆடாதோடையை அறியாதார் நம்முள் இலர். இருமலுக்கும் சளிக்கும் அதன் இலையைக் குடிநீராக்கிக் கொடுத்தல் நம் முன்னோர் கண்ட முறை. அவ்விலையிலுள்ள காரப்போலி வாசிசீன் எனப்படும். அதன் அமைப்பை அடியொற்றி மேனாட்டார் ஆக்கிய புரோமெக்சீன் என்னும் மருந்து 1960களில் வழக்குக்கு வந்தது. கட்டிய சளியை இளக்குதற்கு அஃது இன்றும் குளிகையாகவும் பாணியாகவும் விற்கப்படுகின்றது.

இதனைக் கேட்டவுடன், எல்லாம் நம்மவர் அன்றே அறிந்தவை எனப் பெருமை பேசுவாரும் உளர். இலைச்சாறு அறியாதார் வைத்தியம் என எள்ளுவாரும் உளர். இவ்விரு சாராரும் ஆராயாது கூறுகின்றனர் என்பதே நம் கருத்து. வாசிசீன் சுவாசக் குழாயை விரிக்கும். கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்பும் அதற்கு உண்டென ஆய்வாளர் கண்டுள்ளனர். ஆதலின் கருவுற்ற தாய்மார்க்கு அவ்விலை ஆகாது. இயற்கையில் விளைந்தது என்பதனால் மட்டும் ஒன்று தீங்கற்றதாகிவிடாது. யாருக்கு, எவ்வளவு என்பதை அளந்து காட்ட ஆய்வுகூடம் வேண்டும்.

ஆய்வுகூடம் மட்டும் போதுமோ? சீன தேசத்துத் து யூயூ அம்மையார் மலேரியாவுக்கு மருந்து தேடியகாலை, ஒரு பூண்டின் சாறு ஒருகால் பயன் தந்தது, மறுகால் தரவில்லை. அவர் நாலாம் நூற்றாண்டினராகிய கே ஹொங் எழுதிய வைத்திய நூலை மீண்டும் படித்தார். பூண்டை நீரில் ஊறவைத்துப் பிழிந்து பருகுக என்றதேயன்றி, காய்ச்சுக என்று அந்நூல் கூறவில்லை. வெப்பத்தாற் குணம் கெடுகின்றதோ என ஐயுற்று, குறைந்த வெப்பநிலையிற் கொதிக்கும் ஈதரைக் கொண்டு 1971 இல் இலைச்சாறு எடுத்தார்; அது பலித்தது. அவ்வழி கிடைத்ததே ஆட்டெமிசினின். 2015 இல் நோபல் பரிசும் அவரை நாடி வந்தது.

நமக்கும் ஏடுகள் உள. யாழ்ப்பாணத்து அரசர் காலத்தனவாகிய செகராசசேகரமும் பரராசசேகரமும் நம் வைத்தியச் செல்வங்கள். மானிப்பாயிலே தமிழில் வைத்தியம் கற்பித்த கிறீன் வைத்தியரின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875 இலேயே தமிழில் அச்சேறியது. இன்றோ விஞ்ஞான மாணவர் சாதாரண தரத்தோடு தமிழ்ப் பாடத்தைக் கைவிடுகின்றனர். தமிழ் பயில்வோர் இரசாயனத்தை எட்டியும் பாரார். பழைய நூலின் ஒரு சொல்லை ஐயுற்று ஆராயவல்லவர் இவ்வாறு எங்ஙனம் தோன்றுவர்?

ஆகவே, யூபிலி நினைவாகக் கட்டடம் எழுப்ப எண்ணும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். கல்லூரி வளவில் ஒரு மூலிகைத் தோட்டமும், நூலகத்தில் நம் வைத்திய நூல்களுக்கு ஓர் அலுமாரியும் அமைத்துத் தருக. உயர்தர விஞ்ஞான மாணவர் வாரத்தில் ஒரு பாடவேளை தமிழாசிரியரோடும் இரசாயன ஆசிரியரோடும் அமர்ந்து அந்நூல்களைப் படிக்க அதிபர் இடமளிப்பாராக. அவ்வேளையைத் தமிழாசிரியராகிய நாம் மகிழ்ந்து ஏற்போம்.