சாவியைக் கேட்பது யார்?

முதுமை வந்தபின் வண்டி ஓட்டுவதை நிறுத்த வேண்டுமா? இவ்வினா இன்று பல வீடுகளில் எழுந்து, விடை காணாமலே அடங்கிவிடுகிறது. தாத்தாவிடம் எடுத்துச் சொல்ல அப்பாவுக்குத் தயக்கம். அண்ணன் சொல்லட்டும் என்று அத்தை வாளாவிருக்கிறார். இந்த மௌனம் மரியாதையாகுமா? ஆகாது என்பதே என் கருத்து.

வயது ஒன்றே ஒருவரைத் தகுதியற்றவராக்கிவிடாது. எழுபதில் நிதானமாக ஓட்டுவோரும் உண்டு. இருபதில் கண்மண் தெரியாமல் பறப்போரும் உண்டு. ஆயினும் உடலின் இயல்பை மறுக்க இயலாது. கண்புரை படர்ந்தால் எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்யும். கண் அழுத்த நோயில் பக்கப் பார்வை பெரும்பாலும் வலியின்றியே குறுகும். உரியவருக்கே அது தெரியாது. கழுத்து எளிதில் திரும்பாது. பிரேக்கை மிதிக்கக் கால் சற்றுத் தாமதிக்கும். ஆட்டோவும் பஸ்ஸும் பள்ளிப் பிள்ளைகளும் நெருக்கியடிக்கும் நம் தெருக்களில் அச்சிறு தாமதம் போதாதா?

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பர் சிலர். நம் நாட்டில் 55 வயதைக் கடந்தவரின் ஓட்டுநர் உரிமம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சான்றுடன் புதுப்பிக்கப்படுகிறது. எழுபதில் புதுப்பித்தவர் எழுபத்தைந்து வரை ஓட்டலாம். ஆனால் கண்பார்வை அதுவரை காத்திருக்குமா? இடையில் கவனிக்க வேண்டியவர் வீட்டாரே. வண்டியில் புதிய கீறல்கள், பழகிய வழியில் தடுமாற்றம், இருட்டில் ஓட்ட அச்சம் ஆகியவை எச்சரிக்கைகள்.

மறைந்த இங்கிலாந்து இளவரசர் பிலிப், 2019 ஜனவரியில், தம் 97ஆம் வயதில் காரோட்டிச் சென்று விபத்துக்குள்ளானார். மற்றக் காரில் இருந்த இரு பெண்கள் காயமுற்றனர். அடுத்த மாதம் தாமே உரிமத்தை ஒப்படைத்தார். ஏவலுக்கு ஆளிருந்த அவரே அதுவரை ஓட்டினாரென்றால், நம் தாத்தாவின் பிடிவாதத்தில் வியப்பென்ன? காலைத் திருப்பலிக்கும் சந்தைக்கும் நண்பர் வீட்டுக்கும் எவர் தயவுமின்றிச் சென்றுவர அவருக்கு உதவுவது அந்த ஸ்கூட்டர்தானே!

ஆகவே சாவியை ஒளித்து வைப்பதும் அதட்டுவதும் தகா. முதலில் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். பின்பு இரவுப் பயணம், நெடுஞ்சாலை, பேரப்பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிச் செல்வது என ஒவ்வொன்றாகக் குறைக்கச் சொல்வோம். முற்றிலும் நிறுத்தும் நாளை அவரோடு அமர்ந்தே முடிவு செய்வோம். ஆனால் ஒன்று: சாவியைக் கேட்பவர் அவருடைய பயணங்களையும் ஏற்க வேண்டும். வண்டியைப் பிடுங்கிவிட்டு அவரைத் திண்ணையில் முடக்குவது அன்பாகாது.

பெற்றோரை மதிக்கச் சொல்வது நான்காம் கட்டளை. உயிரைப் பறிக்காதிருக்கச் சொல்வது ஐந்தாம் கட்டளை. ஒன்றைக் காக்க மற்றதைக் கைவிடலாகாது. அன்புத் தோழியரே, ஞாயிறு திருப்பலிக்குத் தாத்தாவின் கைபற்றி நடந்து செல்ல, நாம் அரைமணி முன்னதாக எழுந்தால் ஆகாதா?